ஹாப்ஸ் வைத்த கணக்கு



தேம்ஸ் நதிக்குத் தெற்கே ஓவல் மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கப் போகும் நம்மவர்களில் பலர், ஹாப்ஸ் வாயிலைக் கடக்கும்போது அந்தப் பெயருக்குரியவர் யாரென்று விசாரிப்பதில்லை. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பத்திரப்படுத்துவதிலேயே நமக்குச் சிரத்தை. கேம்பிரிட்ஜில் ஏழை மைதானக் காவலரின் புதல்வராக 1882-இல் பிறந்து, எஸ்ஸெக்ஸ் கவுண்டியால் ஏற்கப்படாமல், சர்ரேயிடம் இடம்பெற்ற ஜாக் ஹாப்ஸ், 1905-இல் தம் முதல் கவுண்டிப் போட்டியில் அதே எஸ்ஸெக்ஸுக்கு எதிராக 155 ரன் குவித்தார். பழி தீர்த்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் எஸ்ஸெக்ஸ்காரர்களுக்கு அன்று சாப்பாடு இறங்கியிராது. அன்று பற்றிய சர்ரேயை 1934 வரை அவர் விடவில்லை.

1925-ஆம் ஆண்டின் கோடையை எண்ணிப் பாருங்கள். டபிள்யூ. ஜி. கிரேஸின் சாதனையான 126 சதங்களுக்கு ஒன்று குறைவாக, ஜூலையில் 125-இல் நின்ற ஹாப்ஸ், வாரக்கணக்கில் அந்த ஒன்றை எட்ட முடியாமல் தவிக்க, பத்திரிகை நிருபர்களும் புகைப்படக்காரர்களும் ஊர் ஊராக அவரைப் பின்தொடர்ந்தார்கள். ஆகஸ்டு 15, சனிக்கிழமை மாலை டாண்டனில் 91 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார். ஞாயிறு அக்காலத்தில் ஆட்டமில்லாத நாளாதலால், மீதி ஒன்பது ரன்களுக்காகத் தேசம் முழுவதும் ஒருநாள் காத்திருந்தது. திங்கட்கிழமை சதம் நிறைவேறியதும், சர்ரேயின் தலைவர் ஃபெண்டர் நடுமைதானத்துக்கே கோப்பை ஏந்தி வந்தார். அதிலிருந்தது மது அன்று, இஞ்சி பானம்! மறுநாள் இரண்டாம் இன்னிங்ஸில் மற்றொரு சதமடித்து, 42-ஆம் வயதில் கிரேஸையும் கடந்தார்.

ஆயினும் என் மனத்தைக் கவர்வது அவர் எட்டாத இலக்கே. 1934-இல், லங்காஷயரின் டக்வொர்த்துக்கு நிதி திரட்டிய ஓல்ட் டிராஃபோர்டு ஆட்டத்தில் 197-ஆவது சதத்தை அடித்தவர், இருநூறுக்கு மூன்றே குறைந்திருக்க, மறுவருடத் தொடக்கத்தில் ஓய்வை அறிவித்தார். பிற்காலப் புள்ளிவிவரக்காரர்கள், 1930–31-இல் விஜயநகரம் மகாராஜகுமாரரின் அணியோடு இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்தபோது அவர் அடித்த இரண்டு சதங்களையும் சேர்த்து 199 என்று எழுதினார்கள். அந்த ஆட்டங்களில் கடும் போட்டி இல்லை என்றறிந்த ஹாப்ஸோ, அவற்றை முதல்தரச் சதங்களாகக் கொள்வதை விரும்பவே இல்லை.

நம் மண்ணில் அடித்த சதங்களைத் தள்ளிவிட்டாரே என்று இங்குள்ள இலங்கை அன்பர்களுக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டாகலாம். எனினும் யாரேனும் என்னைக் கேட்டால், 197 என்றே நான் சொல்வேன்.