நாடாவும் பூந்தொட்டியும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இயற்பியல் பேசச் சொல்லி அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். நியூட்டனின் மூன்று விதிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கரும்பலகை வேண்டாம். ஆரணிப் பக்கத்து ஆட்களான நமக்கு அதைவிட நல்ல பாடக்கருவி ஒன்று இருக்கிறது: பட்டுத்தறி.

முதல் விதியின் ஒரு பாதியை எல்லோரும் ஒப்புக்கொள்வோம். சும்மா இருக்கும் பொருள் சும்மாவே இருக்கும். திருமலையில் பாறையில் செதுக்கிய 16 அடி நேமிநாதரைப் பார்த்தவர் யாரும், இவர் ஏன் நகரவில்லை என்று கேட்டதில்லை. மறு பாதியில்தான் சிக்கல். ஓடுகிற பொருளை எதுவும் தடுக்காவிட்டால், அது அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும் என்கிறார் நியூட்டன். இதை மனசு ஏற்பதில்லை. ஓடுகிறது என்றால் யாரோ தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும்.

தறிக்குப் போய்ப் பாருங்கள். நெசவாளி கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுக்கிறார். பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கட்டை நாடாவை ஒரு தட்டு தட்டுகிறது. அதோடு சரி. அதற்குப் பிறகு நாடாவை யாரும் தொடுவதில்லை. பாவு நூல்களுக்கு நடுவே, ஊடையை இழுத்துக்கொண்டு, மறுபக்கப் பெட்டிவரை அது தானாகவே போகிறது. கையால் நாடாவை வாங்கி வாங்கி எறிந்துகொண்டிருந்த காலத்துக்குப் பிறகு இந்தக் கயிற்று ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733இல் காப்புரிமை வாங்கினார். நியூட்டனின் புத்தகம் வந்தது 1687இல். ஜான் கே அதைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, தறியே சொல்லிக்கொடுத்திருக்கும்.

ஓடுகிற நாடாவை நிறுத்தியாக வேண்டும் அல்லவா? இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதைத்தான். ஒரு கணக்குப் போடுவோம். நாடா 300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புடவை அகலம் 120 சென்டிமீட்டர். அதைக் கால் நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 4.8 மீட்டர். மறுபக்கப் பெட்டியில் அது அங்குள்ள கட்டையைத் தள்ளிக்கொண்டு, பக்கங்களில் உரசிக்கொண்டு, 10 சென்டிமீட்டர் நகர்ந்து நின்றால் அதன்மேல் விழும் விசை மூன்றரைக் கிலோ எடைக்குச் சமம். அதே நாடா ஒரே சென்டிமீட்டரில் டக்கென்று நின்றால்? 35 கிலோ. நாடாவும் அதேதான், வேகமும் அதேதான். நிற்கக் கிடைத்த இடம் பத்தில் ஒரு பங்கானது, அடி பத்து மடங்கானது. நாடா எகிறித் திரும்பும், ஊடை அறும், உள்ளே தார் நூல் சிக்கும். இரண்டாம் விதியைச் சூத்திரமாக மனப்பாடம் செய்தவர்கள் மறந்திருக்கலாம். பெட்டியைச் சரிபார்க்காமல் தறியில் உட்காராத நெசவாளி மறப்பதில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கிலோ எடைக்கல்லைத் தையல் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அதே நூலில் இன்னொரு துண்டைக் கல்லின் அடியில் கட்டுங்கள். கீழே ஒரு தலையணையைப் போட்டுவிட்டு, அடி நூலை மெதுவாக இழுங்கள். மேல் நூல் அறும். புதிதாகக் கட்டி, வெடுக்கென்று இழுங்கள். அடி நூல்தான் அறும். கல் அசைந்துகொடுக்க நேரம் இல்லாததால் இழுப்பு மேலே போய்ச் சேரவே இல்லை. பிள்ளைகளே, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் ஸ்கூட்டர்களைப் பார்க்கிறேன். முன்னால் பிள்ளை நிற்கிறது, கைப்பிடியைப் பிடித்திருக்கிறது. வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் பிள்ளையும் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வண்டி எதிலாவது மோதி நின்றால் பிள்ளை நிற்காது, முதல் விதி. 15 கிலோ எடையுள்ள பிள்ளையைப் பத்தில் ஒரு நொடிக்குள் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 170 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 25 கிலோ அரிசிப் பை ஏழை ஒற்றைக் கையால் தாங்குவது போல. எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் அது முடியாது. பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காரில் முன்சீட்டில் மடியில் வைத்திருப்பதற்கும் இதே கணக்குதான்.

இன்னொரு விதமாகச் சொல்கிறேன்: 40 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, 6 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து, அதாவது நம் இரண்டாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். மத்திய அரசு 2022இல் கொண்டுவந்த விதியில் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது என்று இருப்பது இதனால்தான். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல், நாடாப் பெட்டிக்குள் இருக்கும் கட்டையின் வேலையைத்தான் செய்கிறது. தான் நசுங்கி, தலை நிற்பதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. தாடைப்பட்டையைப் போடாவிட்டால் ஹெல்மெட் ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும்.

மூன்றாம் விதிக்கு அதிக நேரம் வேண்டாம். நீங்கள் தள்ளினால் அதுவும் உங்களைத் தள்ளும். அச்சுப் பலகையை இழுத்து ஊடையை அடிக்கும் ஒவ்வொரு முறையும் தறி முழுவதும் எதிரடி வாங்குகிறது. குழித்தறியின் கால்கள் மண்ணில் ஊன்றியிருப்பதால் அந்த அடியைப் பூமி வாங்கிக்கொள்கிறது. மாடியில் அந்த வசதி இல்லை. துணிகள் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்ட வாஷிங் மெஷின் சுற்றும்போது தரையை உதைத்து உதைத்து நகர்வதும், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதும் இதே விதியின்படிதான். துணியை எடுத்துப் பரப்பிப் போட்டால் மெஷினும் அடங்கும், கீழ்வீட்டுக்காரரும் அடங்குவார்.

கடைசியாக, செயலாளர் என்னிடம் தனியாகக் கேட்டுக்கொண்ட விஷயம்: கைப்பிடிச் சுவர்மேல் இருக்கும் பூந்தொட்டிகள். சின்னத் தொட்டி, மண்ணும் ஈரமும் சேர்த்து 3 கிலோ என்று வையுங்கள். நான்காவது மாடி, 12 மீட்டர் உயரம். பூனை தட்டிவிட்டால் கீழே வர ஒன்றரை நொடி. தரையைத் தொடும்போது மணிக்கு 55 கிலோமீட்டர் வேகம். எதன்மேல் விழுந்து 5 சென்டிமீட்டருக்குள் நின்றாலும் அங்கே விழும் அடி ஏறக்குறைய 720 கிலோ எடைக்குச் சமம். கீழே நம் காவலாளி அண்ணன் நாற்காலி போட்டிருக்கிறார். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். “பார்த்து!” என்று மேலிருந்து கத்தி, அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்த ஒன்றரை நொடி போய்விடும். கயிற்றால் கட்டியிருக்கிறோம் என்பார்கள். வெயிலில் இற்றுப்போன கயிறு வெடுக்கென்ற இழுப்பைத் தாங்காது, எடைக்கல் நூலில் பார்த்தோமே. துளசியோ ரோஜாவோ, சுவரின் உட்பக்கம் தரையில் வையுங்கள். வெயில் போதவில்லை என்றால் மொட்டைமாடியில் ஒரு மூலையைச் செடிகளுக்கே ஒதுக்கித் தரச் சங்கம் தயாராக இருப்பதாகச் செயலாளர் சொல்கிறார். இந்த வாரமே நகர்த்திவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு அழைப்பு. ஞாயிறு காலை 10 மணிக்கு லிப்ட் அருகே, முள் உள்ள பழைய எடைக் கருவியோடு நிற்பேன். லிப்ட் மேலே கிளம்பும் நொடியில் முள் எந்தப் பக்கம் போகிறது, மேலே போய் நிற்கும்போது எந்தப் பக்கம் போகிறது என்று நீங்களே பார்த்துச் சொல்ல வேண்டும். பெரியவர்களும் ஏறி நிற்கலாம். கிளம்பும்போது எடை கூடியதாகக் காட்டினால் யாரும் கவலைப்பட வேண்டாம்.