பழைய காருக்கு அதன் பழைய நடை



பழைய கார் ஒன்றைப் புதுப்பித்துவிட்டோம் என்று யாராவது சொன்னால், நம் கண் முதலில் போவது பெயின்டின் மேல்தான். பம்பர் மின்னுகிறதா, சீட்டு உறை புதிதா என்று பார்ப்போம். கல்யாண ஊர்வலத்துக்கு அது போதும். அதே கார் நாகர்கோவிலில் கிளம்பி ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்க வேண்டுமென்றால் போதாது. ஆனி, ஆடியில் அந்தக் கணவாய் வழியே பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்று பக்கவாட்டில் அறையும்போது கார் நேராகப் போகிறதா, ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுகிறாரா என்பதில் மெக்கானிக்கின் தரம் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் சஸ்பென்ஷனையும் ஸ்டியரிங்கையும் மீட்டெடுக்கும் கலை அது.

நம் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஏது என்று கேட்பீர்கள். ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1959-இல் இங்கிலாந்தில் டிரயம்ப் ஹெரால்டாகப் பிறந்து, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் தயாரித்த கார். இத்தாலியரான மிக்கலோட்டி வரைந்த உருவம். இதன் சட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் 1962-இல் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதே ஆண்டு வெளிவந்த லோட்டஸ் எலானும் முன்சக்கரங்களைத் தாங்கும் உறுப்பை ஹெரால்டிடமிருந்தே எடுத்துக்கொண்டது. சென்னையை அடுத்த சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. ஆகவே, ஹெரால்டின் முன்பக்கத்தை ஒழுங்காகப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த ஒருவருக்கு ஸ்பிட்ஃபயரும் அந்நியமல்ல.

வேலையின் முதல் பாதி, எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது. ஹெரால்டின் பானெட் முழுதாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். தேர்ந்த மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஆட்டம் இருந்தால், உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்வார். மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில். மிதித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்ட்டிலோ, கீழே உள்ள டிரன்னியனிலோ. அடுத்து, இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுவார். அதில், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டின் தேய்மானம் தெரியும். காசு கேட்கும் கருவி எதுவும் இல்லாமல், இரண்டு கையும் ஒரு உதவியாளும் சொல்லும் தீர்ப்பு இது.

டிரன்னியன் என்று சொன்னேன். இந்தக் கார்களின் உயிர் அதில்தான் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது பித்தளை நிற உறுப்பு ஒன்றுக்குள் முறுக்கி நிற்கும்; அந்த உறுப்புதான் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. இதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்துப் பழகிய கை, இங்கேயும் கிரீஸை அடித்துவிடும். கிரீஸ் மரையின் இடுக்கெல்லாம் பரவாது, நாளாக நாளாக இறுகிப்போகும். தண்ணீர் உள்ளே புகும், தண்டு துருப்பிடிக்கும், கடைசியில் ஒருநாள் முறியும். முறிந்தால் சக்கரம் மடங்கி விழும். முட்டத்திலும் குளச்சலிலும் உப்புக்காற்று வாங்கி, இரண்டு பருவமழையிலும் நனையும் நம் குமரி மாவட்டத்துக் கார்களில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்தது புஷ். இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ரப்பர். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர்தான் முறுகி முறுகித் திரும்புகிறது. வயதானால் வெடிக்கும், எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். பழைய புஷ்ஷை பிரஸ்ஸில் தள்ளி எடுத்துப் புதியதை ஏற்றுவது யாருக்கும் வரும். கலை இருப்பது அதற்குப் பிறகு. கார் ஜாக்கியில் நிற்கும்போது சஸ்பென்ஷன் கைகள் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுகிப்போய் நிற்கும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. ஓடவேண்டிய காலத்துக்கு வெகு முன்பே கிழிந்துவிடும். நல்ல மெக்கானிக் போல்ட்டைக் கையளவு பூட்டிவிட்டு, காரை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பாரம் முழுவதும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் குனிந்து இறுக்குவார். தரையில் படுத்துச் செய்யவேண்டிய சிரமமான வேலை. செய்தாரா இல்லையா என்று உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது. செய்கிறவரின் மனச்சாட்சி ஒன்றுதான் சாட்சி.

இப்போது ரப்பருக்குப் பதிலாக பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்கிறார்கள். அது எண்ணெயைத் தாங்கும், நீடித்து உழைக்கும், வளைவில் கார் இறுக்கமாகத் திரும்பும். பந்தயத் தடத்துக்கு அதுவே சரி. ஊர்ச் சாலைக்கு ரப்பர்தான் என்பது என் முடிவு. ஒவ்வொரு குழியின் அதிர்ச்சியையும் ரப்பர் விழுங்கிக்கொள்ளும். விழுங்காவிட்டால் அது காரின் சட்டத்துக்குப் போகும், ஐம்பது வயதுச் சட்டம் அதைத் தாங்காது. கீரிப்பாறையிலும் சிற்றாறிலும் ரப்பர் தோட்டங்களையும், நாகர்கோவிலில் அரசு ரப்பர் கழகத்தையும் வைத்திருக்கும் மாவட்டம் நம்முடையது. இந்தப் பொருளின் அருமை நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பின்பக்கம் வேறு கதை. ஹெரால்டின் குறுக்காகக் கிடக்கும் ஒற்றை லீஃப் ஸ்பிரிங்கில் இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும். அந்த ஏற்பாடு இந்திய உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1970-களில் ஹெரால்டின் வழித்தோன்றலாக வந்த ஸ்டாண்டர்டு கெசலில், அதைக் கைவிட்டு ஒரே நீண்ட அச்சாக மாற்றினார்கள். ஒரு காரின் அடிப்படை அமைப்பையே மாற்றவைத்த குரல் ஒர்க்‌ஷாப்பிலிருந்தும் வந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இன்றும் ஹெரால்டை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் பின்சக்கரங்கள் சாய்ந்து நிற்கும். சில அடி தூரம் உருட்டினால்தான் இயல்பு நிலைக்கு வரும். அதற்கு முன் எடுக்கும் எந்த அளவும் பொய்.

ஸ்டியரிங் கடைசியில். ஹெரால்டில் இருப்பது ரேக் அண்ட் பினியன்: ஸ்டியரிங் சுழலும்போது ரேக் என்ற பல் வைத்த தண்டு இடவலமாக நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் கார் திரும்பிவிடும், சுசீந்திரத்து ரத வீதி முனையில்கூடத் திணறாது. அந்த ரேக்கைச் சட்டத்தோடு பிடித்திருப்பவை இரண்டு ரப்பர் கட்டைகள். எஞ்சின் ஆயில் சொட்டி அவை இளகினால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முதலில் நகர்வது ரேக், அப்புறம்தான் சக்கரம். ஓட்டுபவர் ரேக்கே போய்விட்டது என்று நினைப்பார். பெரிய செலவு சொல்வதற்கு இது வசதியான இடம். நேர்மையான மெக்கானிக் அந்த ரப்பர் கட்டைகளைத்தான் முதலில் மாற்றுவார். எல்லாம் முடிந்த பிறகு வீல் அலைன்மென்ட். புஷ்ஷில் ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்ப்பது பணத்துக்குக் கேடு.

இந்த வரிசையில்தான் கலையே இருக்கிறது. முதலில் ஆட்டம் எங்கே என்று அறிவது, பிறகு தேய்ந்ததை மட்டும் மாற்றுவது, பாரத்தில் வைத்து இறுக்குவது, கடைசியில் நேர்படுத்துவது. காரை அது செய்யப்பட்ட நாளில் இருந்ததைவிட முரடாக்குவது திறமையாகாது. படைத்தவர் கொடுத்த நடையை அதற்குத் திருப்பிக் கொடுப்பதே திறமை. பேச்சிப்பாறை போகும் வளைவுகளில், சாலை சொல்வதை ஓட்டுபவரின் உள்ளங்கைக்கு ஸ்டியரிங் கொண்டுவந்து சேர்க்கிறது என்றால், அந்த வேலை உயர்ந்த வேலை.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயின்டுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது முதலில் கீழ்ப்பக்கத்துக்கு ஒதுக்குங்கள். மெக்கானிக்கை அவசரப்படுத்தாதீர்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள். கோணம் ஐ.டி.ஐ.யில் படிக்கும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்வேன். கம்ப்யூட்டர் காட்டும் கோளாறை இன்று எல்லோரும் படிக்கிறார்கள். கையால் சக்கரத்தை ஆட்டிக் கோளாறு அறியும் மூத்த மெக்கானிக்குகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்ப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.