எட்டு ரெக்கார்டும் ஒரு ஹாலும்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் குடியிருப்போர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இருபது நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது என்று செயலாளர் அன்போடு எச்சரித்திருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். மணி அடித்ததும் கவுன்டரை மூடிப் பழக்கம் உண்டு. அதனால் யாரும் கவலைப்பட வேண்டாம்.

இன்று டிஜேக்களைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். சிலர் முகம் மாறுவது தெரிகிறது. டிஜே என்றதும் கல்யாண ரிசப்ஷனில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாத அந்தச் சத்தம்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் டிஜே என்பது 'டிஸ்க் ஜாக்கி' என்பதன் சுருக்கம். டிஸ்க் என்றால் தட்டு, நாம் பார்த்து வளர்ந்த அதே இசைத்தட்டு. அதை விரலால் தொட்டு, துடைத்து, ஊசி வைத்துப் பிழைத்த சிலரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஓய்வு பெற்ற பிறகு பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கினேன். அதிலிருந்து இவர்களைப் பற்றித் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

இவர்களைப் பார்த்தால் எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "உங்கள் வாழ்க்கையை உருவாக்கிய ரெக்கார்டு எது?" பிபிசி வானொலியில் இந்தக் கேள்வியை வைத்தே ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. பெயர் 'டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்'. ராய் ப்ளம்லி என்பவர் 1942 ஜனவரியில் ஆரம்பித்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆளில்லாத தீவில் தனியாக மாட்டிக்கொண்டால் எந்த எட்டு ரெக்கார்டுகளை வைத்துக்கொள்வீர்கள் என்பதுதான் விளையாட்டு. எண்பது இல்லை, எட்டுதான்.

இன்றைக்குக் கைப்பேசியில் லட்சக்கணக்கான பாட்டு இருக்கிறது, எதையும் விட வேண்டியதில்லை. தட்டு அப்படி இல்லை. எண்பது எல்.பி. ரெக்கார்டு அடுக்கிய பெட்டி ஏறத்தாழ இருபது கிலோ இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவர் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று வீட்டிலேயே முடிவு பண்ணியாக வேண்டும். அதனால்தான் இவர்கள் தேர்வைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

இவர்கள் கதைகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றியது. ரெக்கார்டைப் பற்றிக் கேட்டால் இவர்கள் கதை ஒரு ஆளிடமோ ஓர் இடத்திடமோ போய் நிற்கிறது. யாரோ ஒருவர் அந்தத் தட்டைப் போட்டிருக்கிறார், எங்கோ ஒரு அறையில் நாலு பேர் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். நாலு உதாரணம் சொல்கிறேன்.

முதலாமவர் இங்கிலாந்தின் ஜான் பீல். 1956-இல், பள்ளி மாணவனாக இருந்தபோது, வானொலியில் எல்விஸ் பிரஸ்லியின் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' கேட்டதுதான் தன்னைத் திருப்பிப் போட்டது என்று சொன்னவர். 1967-இல் பிபிசி ரேடியோ ஒன் ஆரம்பித்தபோது சேர்ந்து, 2004-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். முப்பத்தேழு வருட சர்வீஸ்! அவர் வீட்டில் சுமார் 26,000 எல்.பி.க்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, அட்டையில் டைப் அடித்து வைத்திருந்தார். நம் பழைய லெட்ஜர் காலத்து ஆள் என்பதால் எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

1978-இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்துப் பையன்கள் ஐந்து பேர் 'டீனேஜ் கிக்ஸ்' என்று ஒரு பாட்டு போட்டார்கள். துப்பாக்கிச் சூடும் குண்டுவெடிப்பும் நடந்துகொண்டிருந்த ஊர் அது. பெல்ஃபாஸ்டில் ரெக்கார்டு கடை வைத்திருந்த டெர்ரி ஹூலி என்பவர் தன் சிறிய கம்பெனி மூலம் அதை வெளியிட்டார். ஜான் பீல் அதைத் தன் நிகழ்ச்சியில் போட்டார். முடிந்ததும், அடுத்த பாட்டுக்குப் போகாமல் அதையே திரும்பவும் போட்டார். பெரிய கம்பெனிகள் அந்தப் பையன்களைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அந்தப் பாட்டின் ஒரு வரி இன்று அவருடைய கல்லறைக் கல்லில் இருக்கிறது. 26,000 தட்டு வைத்திருந்தவர் கடைசியில் கூடக் கொண்டுபோனது ஒரு வரி!

இரண்டாமவர் நியூயார்க்கின் டேவிட் மான்குசோ. யூடிகா என்ற ஊரில் அநாதை இல்லத்தில் சிறுவயதைக் கழித்தவர். அங்கே ஒரு கன்னியாஸ்திரி குழந்தைகளுக்காக ஓர் அறையில் பலூன் கட்டி, பழரசம் வைத்து, ரெக்கார்டு போடுவாராம். 1970 பிப்ரவரியில் மான்குசோ, பிராட்வேயில் தான் குடியிருந்த மாடியிலேயே அழைப்பிதழ் வைத்து இசை விருந்து நடத்தத் தொடங்கினார். அதற்கு 'தி லாஃப்ட்' என்று பெயர் வந்தது. மது விற்பனை கிடையாது. பலூன் உண்டு, பழரசம் உண்டு, சாப்பாடு உண்டு. அந்தக் குழந்தைப் பருவ அறையைத்தான் திரும்பவும் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

புரூக்ளினில் மேற்கிந்தியத் தீவுக்காரர்களின் கடை ஒன்றில் அவர் கண்டெடுத்த தட்டு 'சோல் மகோசா'. பாடியவர் ஆப்பிரிக்காவின் கேமரூனைச் சேர்ந்த மனு திபாங்கோ. தன் நாட்டில் நடந்த 1972 கால்பந்துப் போட்டிக்காக அவர் போட்ட ரெக்கார்டின் பின்பக்கத்தில் இருந்த பாட்டு அது. மான்குசோ அதை வீட்டு விருந்தில் போட, கேட்டவர்கள் தேட, வானொலிக்காரர்கள் பிடித்துக்கொள்ள, 1973-இல் அது அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலிலேயே ஏறிவிட்டது. பின்பக்கப் பாட்டு! ஒருவர் திருப்பிப் போட்டதால் வந்த அதிர்ஷ்டம்.

மூன்றாமவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். பார்படாஸில் பிறந்து, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தவர். அவருடைய அப்பா ரெக்கார்டுப் பிரியர். ஆனால் பையன் தொடக்கூடாது. தொட்டால் அடி. அடி வாங்கிக்கொண்டும் தொட்டார். தொழிற்கல்விப் பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார், தட்டில் கிரேயானால் கோடு போட்டு, எந்தச் சுற்றில் தாளம் ஆரம்பிக்கிறது என்று கணக்கு வைத்தார். 1981-இல் இவர் வெளியிட்ட ஒரு ரெக்கார்டு ஏற்கெனவே வந்த ரெக்கார்டுகளைச் சுழற்றியே உருவாக்கியது. பூட்டிய அலமாரியிலிருந்தும் இசைக்காரன் வருவான் என்று இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் அதற்கு அடி தாங்கும் பையனாக இருக்க வேண்டும். எத்தனை பேர் அப்படி?

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்த தெருவில் மைக் செட் வைத்திருந்த அண்ணன் ஒருவர் இருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டு போடுவார். 'திருவிளையாடல்' கதைவசனம் அவர் தயவில்தான் எங்கள் தெருவுக்கே மனப்பாடம். எங்களைப் பக்கத்தில் உட்காரவிடுவார். "விளிம்பைப் பிடிடா, நடுவுல கை வைக்காதே" என்று சொல்லித் தட்டைக் கையிலேயே கொடுப்பார். யாரும் அவரை டிஜே என்று சொன்னதில்லை. எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு, பெண் அழைப்புக்கு எது, பந்திக்கு எது என்று அவருக்குத் தெரிந்தது இந்த நாலு பேருக்கும் தெரிந்ததற்குக் குறைந்தது இல்லை. என் எட்டு ரெக்கார்டில் மூன்று அவர் போட்டவை.

நாலாமவர்தான் நமக்கு முக்கியம். பெயர் கிளைவ் காம்ப்பெல், கூல் ஹெர்க் என்றால் உலகத்துக்குத் தெரியும். ஜமைக்காவிலிருந்து சிறுவனாக வந்து பிராங்க்ஸில் குடியேறியவர். குடும்பம் இருந்தது 1520, செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில். நூற்றுக்குச் சற்று அதிகமான வீடுகள். பக்கத்திலேயே பெரிய நெடுஞ்சாலை. அக்கம்பக்கத்தில் வீடுகள் எரிந்தும் காலியாகியும் கிடந்த காலம்.

ஹெர்க்கின் தங்கை சிண்டிக்குப் பள்ளி திறக்கும் சமயம் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டியிருந்தது. கட்டடத்தின் கீழ்த்தளத்துப் பொது ஹாலை எடுத்து ஒரு பார்ட்டி வைத்தாள். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். தேதி 1973 ஆகஸ்ட் 11. ரெக்கார்டு போட்டது அண்ணன். ஒலிபெருக்கி அப்பாவுடையது.

ஹெர்க் ஒன்றைக் கவனித்திருந்தார். பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் தனியாக வரும் சில வினாடிகளுக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போவோம். அங்கே அதற்காகவே நின்றிருக்கிறார்கள்! ஆகவே ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றதில் அதே இடத்தில் ஊசியை வைத்தார். பத்து வினாடித் தாளம் பல நிமிடமாக நீண்டது. ஜேம்ஸ் பிரவுனின் தட்டுகளும், 'இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்ட்' குழுவின் 'அப்பாச்சி'யும் அவருடைய கைச்சரக்கு. போட்டிக்காரர்கள் பெயரைப் படித்துவிடக் கூடாதென்று லேபிளைத் தண்ணீரில் ஊற வைத்து உரித்துவிடுவாராம். வெற்றிலைப் பெட்டியில் கணக்கு வைத்திருக்கும் நம் ஊர் வியாபாரி மாதிரி!

அந்த ஹாலிலிருந்து வந்ததுதான் ஹிப் ஹாப். நம் பேரப்பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் தமிழ் ராப் பாட்டுக்கும் மூல ஊற்று அதுதான். 2007-இல் நியூயார்க் மாநில அரசு அந்தக் கட்டடத்தை ஹிப் ஹாப் பிறந்த இடம் என்று அங்கீகரித்தது. அதே சமயத்தில் உரிமையாளர்கள் குறைந்த வாடகைத் திட்டத்திலிருந்து கட்டடத்தை வெளியே எடுக்கப் பார்த்தார்கள். குடியிருந்தவர்கள் எதிர்த்துப் போராடினார்கள், ஹெர்க்கும் கூட நின்றார். குடியிருப்போர் சங்கம் என்றால் தண்ணீர் லாரியும் லிஃப்ட் பராமரிப்பும் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் வளாகத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து செயலாளரிடம் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை மூன்று மணி நேரம், பாட்டுக் கேட்கவும் வாசிக்கவும் நம் ஹாலைக் கேட்கிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் அது விவாதத்துக்கு வருகிறது. ஏற்கெனவே நாலைந்து பேர் என்னிடம் ஆட்சேபம் சொல்லிவிட்டார்கள்.

சத்தம் வரும் என்கிறார்கள். நியாயம். வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் இருக்கிறார்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மான்குசோ வேறு தெருவுக்கு மாறியபோதும் அங்கே குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். ஆனால் அவர் அக்கறைப்பட்டது சத்தத்தைக் கூட்டுவதில் இல்லை, ஒலி சுத்தமாக இருப்பதில். பின்னாளில் இரண்டு பாட்டை ஒட்டிக் கலப்பதைக்கூட விட்டுவிட்டு, ஒவ்வொரு ரெக்கார்டையும் முதலிலிருந்து கடைசிவரை முழுசாகப் போட்டார். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே! எட்டு மணிக்கு முடிக்க வேண்டும், கதவு ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும், ஹாலைப் பெருக்கிச் சாவியை ஒப்படைக்க வேண்டும். நிபந்தனை போட்டுக் கொடுப்போம். நிபந்தனை இல்லாத கடனை எந்த வங்கியும் கொடுப்பதில்லை. அதற்காகக் கடனே கொடுக்காத வங்கியும் கிடையாது.

ஹால் பாழாகும் என்கிறார்கள். பொதுக்குழுவுக்கும் வளைகாப்புக்கும் தவிர நாம் அதைத் திறப்பதே அபூர்வம். பூட்டிய ஹாலுக்கும் வெள்ளையடிக்கிறோம், மின்சாரக் கட்டணம் கட்டுகிறோம்.

இதிலிருந்து பெரிய இசைக்காரன் வருவான் என்று நான் வாக்குறுதி தரவில்லை. 1973-இல் சிண்டியும் அப்படி யாருக்கும் தரவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது பள்ளிக்குப் போட்டுக்கொள்ள நல்ல துணி. நம் பிள்ளைகளுக்கு வேண்டியது, தான் ரசிக்கும் பாட்டை இன்னொருவருக்குப் போட்டுக்காட்ட ஓர் இடம். நாம் மறுத்தால் அவர்கள் சண்டை போட மாட்டார்கள். அவரவர் அறையில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்து ஃபிளாட் பையன் பெயர்கூட நமக்குத் தெரியாமல் போவது அப்படித்தான்.

முதல் சனிக்கிழமைக்கு நான் ஒரு யோசனை வைக்கிறேன். அன்றைக்கு நாம் பெரியவர்களும் போவோம். வீட்டுக்கு ஒருவர், ஒரே ஒரு பாட்டு. ரெக்கார்டோ, கேசட்டோ, கைப்பேசியோ, எதில் இருந்தாலும் சரி. அதை முதலில் உங்களுக்குப் போட்டுக்காட்டியது யார், எங்கே என்று இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். என் பிளேயரை நான் கீழே கொண்டுவருகிறேன். பரணில் தட்டு வைத்திருப்பவர்கள் வீடு ஒழிக்கும்போது காயலான் கடையில் எடைக்குப் போடாமல் எடுத்து வாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்காமல் ஒரு தட்டையும் வெளியே அனுப்பாதீர்கள்.

பொதுக்குழுவில் இந்தத் தீர்மானத்தை முன்மொழிய நான் தயார். வழிமொழிய ஒருவர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.