கலிங்கு இல்லாத கரை

பொம்மசந்திராவில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம் அவ்வூர்ப் பெயரைச் சற்று நோக்குவோம். ‘சந்திரா’ என்பது ‘சமுத்திரம்’ என்பதன் திரிபு என்பர். அம்பாசமுத்திரத்தை அறிந்த நமக்கு இது வியப்பன்று. ஏரியைச் சமுத்திரம் என்று போற்றுவது பழைய மரபு. ஏரிக்குக் கரை வேண்டும்; கரைக்கு மிகுநீர் கழியும் கலிங்கு வேண்டும். கன்னடத்தார் அதனைக் கோடி என்பர். கலிங்கு இல்லாத கரை பெருமழைக்கு நில்லாது. அத்தகைய கரைகள் இமயத்தில் உண்டு. அவற்றைக் கட்டியவை பனியாறுகள்.

ஆண்டுதோறும் விழும் பனி அழுந்தி இறுகிக் கட்டியாகிறது. கனம் மிகுந்ததும் தன் எடையாலேயே சரிவில் மெல்ல இறங்குகிறது. அடியில் கசியும் உருகுநீர் அதனை வழுக்கச் செய்கிறது. நடுப்பகுதி விரைந்தும், பாறையை உராயும் ஓரங்கள் தாழ்ந்தும் செல்கின்றன. பனியாறு பாறையைப் பெயர்க்கிறது. பெயர்த்த கல்லைக்கொண்டே தரையை அராவுகிறது. அக்கல்லும் மண்ணும் ஓரங்களிலும் முனையிலும் மேடாகக் குவிகின்றன. அம்மேட்டை மொரைன் என்பர்.

பனியாறு பின்வாங்குகிறது என்று கேள்விப்படுகிறோம். பனிக்கட்டி மலையேறித் திரும்புவதில்லை; என்றும் கீழ்நோக்கியே நகர்கிறது. வருவதைவிட உருகுவது மிகுதியாகும்போது முனைதான் மேலே விலகுகிறது. கங்கோத்திரிப் பனியாற்றின் முனையைப் புவியியலார் ஆடன் 1935-இல் அளந்து வரைந்தார். அதன்பின் அம்முனை ஒரு கிலோமீட்டருக்கு மேல் விலகிவிட்டது. இவ்வாறு பனி விலகிய பள்ளங்களில், மொரைன் மேடே கரையாக, நீர் தேங்குவதுண்டு.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரத்துக்கு மேலே, சோராபாரிப் பனியாற்றின் ஓரத்தில் அத்தகைய ஏரி ஒன்று இருந்தது. 2013 ஜூன் மாதத்தில் கனமழையும் உருகிய பனியும் அதனை நிரப்பின. மிகுநீர் கழிய வழியில்லை. 17-ஆம் நாள் காலை கரை உடைந்தது. உருண்டு வந்த பெரும்பாறை ஒன்று கோயிலின் பின்னே நின்று வெள்ளத்தைப் பிரித்தது. கோயில் தப்பியது, சூழ்ந்திருந்த ஊர் அழிந்தது. அம்மாத வெள்ளங்களில் உத்தராகண்டத்தில் மாண்டோர் பல்லாயிரவர்.

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில் 2016-இல் குழாய்கள் பதித்து நீரை இறக்க முயன்றனர். அது போதவில்லை. 2023 அக்டோபரில் மொரைன் சரிவு ஏரிக்குள் விழ, எழுந்த வெள்ளம் சுங்தாங் அணையைத் தகர்த்தது.

பனியாறு கரை கட்டும், கலிங்கு வைக்காது. கலிங்கு வைப்பது மனிதர் அறிவு. நாம் குடியேறிய ஊர் ஏரியின் கோடி, குப்பையாலும் கட்டடத்தாலும் அடைபடாமல் இருக்கிறதா என்று அடுத்த மழைக்கு முன் ஒருமுறை சென்று பார்ப்போம்.