தலையில பந்து பட்டா யார் முடிவு பண்றது?

இன்னைக்கு எபிசோட் கன்கஷன் பத்தி. அதாவது, தலையில அடிபட்டு மூளை குலுங்கிப் போறது. என்னோட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அடிபட்டவர் தொடர்ந்து ஆடலாமான்னு சொல்ற டாக்டர் யாரோட ஆளு?

2020 டிசம்பர் 4, கான்பெரா. நம்ம சேலம் நடராஜன் டி20-ல அறிமுகமான மேட்ச். கடைசி ஓவர்ல ஸ்டார்க் போட்ட பந்து ஜடேஜாவோட ஹெல்மெட்டில் பட்டது. யாரும் உள்ளே வந்து பார்க்கலை. அவர் தொடர்ந்து ஆடி, 44 ரன்னோட நாட் அவுட்டா வந்தார். டிரெஸ்ஸிங் ரூம் போனதும் தலை சுத்துச்சு. அவருக்குப் பதிலா வந்த சஹல் 3 விக்கெட் எடுத்தார், இந்தியா 11 ரன்ல ஜெயிச்சது. ஆஸ்திரேலியா கோச் லாங்கர், மேட்ச் ரெஃப்ரி டேவிட் பூன்கிட்ட வாக்குவாதம் பண்ணார்.

எல்லாரும் சண்டை போட்டது சஹல் வந்தது நியாயமான்னுதான். எனக்கு உறுத்துறது வேற. அடி விழுந்த பிறகும் அவர் பந்தைச் சந்திச்சாரே?

"அவருக்கே தெரியுமே" அப்படின்னு சொல்வீங்க. இங்கதான் சிக்கல். அடிபட்ட உறுப்பே "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு சாட்சி சொல்லுது! 2019-ல லார்ட்ஸ்ல ஆர்ச்சர் பந்து பட்ட ஸ்டீவ் ஸ்மித், டெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ணி அன்னைக்கே திரும்ப வந்து ஆடினார். அறிகுறி தெரிஞ்சது மறுநாள் காலையில.

கிரிக்கெட்ல கன்கஷனா இல்லையான்னு பார்க்கிறது டீமோட மருத்துவ ஆளு. மாற்று வீரருக்கு அனுமதி தர்ற மேட்ச் ரெஃப்ரி டாக்டர் இல்லை. 2025-ல ஐசிசி விதியை மாத்துச்சு. மாற்று வீரர்கள் பட்டியலை முன்கூட்டியே தரணும், கன்கஷன் ஆனவர் குறைஞ்சது 7 நாள் ஆடக்கூடாது. நல்ல மாற்றம்தான். ஆனா யார் பார்க்கிறதுங்கிற கேள்வியை அது தொடலை.

எங்க ஆபீஸ்ல நான் எழுதின கோடை நானே அப்ரூவ் பண்ண முடியாது. இன்னொருத்தர் பார்க்கணும். என் மேல நம்பிக்கை இல்லாம இல்ல, ரிலீஸ் அவசரத்துல என் கண்ணுக்குத் தப்பு தெரியாது. மேட்ச் நடுவுல டீம் டாக்டரும் அந்த அவசரத்துலதான் இருக்கார்.

அமெரிக்க ஃபுட்பால்ல, அதாவது என்எஃப்எல்ல, டீமைச் சாராத நரம்பியல் டாக்டர் மைதான ஓரத்துல நிற்பார். அதுவும் போதலை. 2022 செப்டம்பர் 25-ல டுவா டகோவைலோவா தலை தரையில மோதி, எழுந்து தள்ளாடினார். முதுகு வலின்னு சொல்லி திரும்ப ஆட விட்டாங்க. 4 நாள் கழிச்சு அடுத்த மேட்ச்ல அவரை ஸ்ட்ரெச்சர்லதான் தூக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் அக்டோபர்ல விதி மாறுச்சு: நரம்பியல் காரணத்தால நடை தள்ளாடுதுன்னு டாக்டர் சொன்னா, அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. ஆக, வெளி ஆளும் வேணும், சமாதானம் சொல்ல இடமில்லாத விதியும் வேணும்.

தி.நகர் சோமசுந்தரம் கிரவுண்ட்ல நாம ஆடுற மேட்சுக்கு டாக்டர் வரமாட்டார். ஆனா விதி வரலாம். டாஸுக்கு முன்னாடியே ரெண்டு டீமும் சேராத ஒருத்தரை, ஸ்கோரரோ அம்பயரோ, முடிவு பண்ணி வைங்க. தலையில அடிபட்டு, தள்ளாட்டம், தலைச்சுத்தல், கேட்டதையே திரும்பக் கேட்கிறது, இதுல எது இருந்தாலும் அவர் "வெளியே"ன்னா வெளியேதான். கேப்டன் பேசக்கூடாது. வாந்தி, அசாதாரண தூக்கம், கூடிட்டே போற தலைவலி இருந்தா நேரா எமர்ஜென்சி.

ஒரு விக்கெட் போனா அடுத்த மேட்ச் இருக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.