மணநூலுக்குள் ஒரு துறவு



சீனத்தின் ‘மேற்குப் பயணம்’ நாவலில் ஒரு வழிப்பறி வருகிறது. இந்தியாவுக்குப் புறப்பட்ட துறவியையும் துணைக்கு வரும் குரங்கையும் ஆறு திருடர்கள் மறிக்கிறார்கள். கண், காது, மூக்கு, நாக்கு, மனம், உடல் ஆகியவற்றைக் குறிப்பவை அவர்களுடைய பெயர்கள். குரங்கு ஆறு பேரையும் அடித்துக் கொல்கிறது. துறவி கண்டிக்கவே, கோபித்துக்கொண்டு போயே விடுகிறது.

சிறுவர்களுக்கு அது சண்டைக் காட்சி. பௌத்தம் அறிந்தவர்களுக்குப் புலனடக்கப் பாடம். 1592-இல் அச்சான அதே நூலில் தாவோ மரபின் ரசவாதக் குறியீடுகளும் நெடுகக் கிடக்கின்றன. 1791-இல் அச்சேறிய இன்னொரு சீன நாவலான ‘சிவப்பு மாளிகைக் கனவு’ காதலும் விருந்துமாக நடந்து, கதைத்தலைவன் துறவியாவதில் முடிகிறது.

தமிழில் இதற்கு இணை சீவக சிந்தாமணி. சீவகன் எட்டுப் பெண்களை மணப்பதால் ‘மணநூல்’ என்றே பெயர் பெற்றது. பாடியவரோ திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர். இன்பச் சுவைக்காகப் படித்தவர்களைப் பதின்மூன்றாவது இலம்பகம் வரை விட்டுப் பிடிக்கிறார் அவர். அங்கே ஒரு சோலை. கடுவன் ஒன்று மந்தியின் ஊடலைத் தணிக்கப் பலாப்பழம் கொடுக்கிறது. காவல்காரன் விரட்டிவிட்டுப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். பார்த்துநின்ற சீவகனுக்குச் சுருக்கென்கிறது. பழம் இழந்த மந்தி, தன்னிடம் அரசை இழந்த கட்டியங்காரன். பறித்த காவல்காரன், தானே. அரசும் வேண்டாம், அரண்மனையும் வேண்டாம் என்று கிளம்புகிறான்.

சைவர்கள் இந்நூலின் ஈர்ப்பைக் கவனிக்காமல் இல்லை. சோழ மன்னன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்டே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்கிறது சேக்கிழார் புராணம்.

ஆனால் 1880-இல், சேலம் இராமசாமி முதலியார் தூண்ட, உ.வே.சாமிநாதையர் சிந்தாமணியைக் கையிலெடுத்தபோது தமிழ்ப் புலமை மட்டும் போதவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளில் அந்நூல் அன்றும் சமய நூலாக வாசிக்கப்பட்டு வந்தது. அங்கே போய்க் கேட்டுக் கேட்டுத் தெளிந்துதான் 1887-இல் பதிப்பித்தார். நூலுக்குள் மறைந்திருந்ததாகத் தோன்றியது அந்த வீட்டாருக்கு அன்றாடப் பாராயணம்.

இந்தக் கரிசல் சீமைக்கும் இதில் பங்குண்டு. சுந்தரர் பாடியதும் ரமணர் 1879-இல் பிறந்ததுமான திருச்சுழியைச் சைவ ஊராகவே எல்லாரும் அறிவர். அருப்புக்கோட்டைக்கு வடக்கே, ஆவியூர்ப் பக்கம் இருக்கும் குரண்டியோ முற்காலப் பாண்டியர் காலத்தில் பெயர்பெற்ற சமணப் பள்ளி. வெண்பு நாட்டுக் குறண்டி என்று கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. மதுரை கீழக்குயில்குடி சமணர் மலையில், தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு அடியில் வட்டெழுத்தில், குறண்டித் துறவியரும் அவர்தம் மாணாக்கரும் பெயரோடு இருக்கிறார்கள். ஆசிரியர், மாணவர் என்று தலைமுறை சொல்லும் வரிசை அது. பாட்டுக்குள் சமயத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இப்படிப்பட்ட பள்ளிகளில் உருவாகியிருக்கக் கூடும்.

ஆகவே இக்கருத்தரங்குக்கு ஒரு வேண்டுகோள். சிந்தாமணி, நீலகேசி, மணிமேகலை அமர்வுகளில் பாடலுக்கு உட்பொருள் சொல்வோர், அந்தப் பொருள் எந்தப் பள்ளி மரபில், எந்த உரையில் வழங்கியது என்பதையும் காட்ட வேண்டும். கல்வெட்டு அமர்வில் குரண்டி மாணாக்கர் வரிசையை மலைதோறும் தொகுக்கும் வேலை தொடங்கலாம். வடமாவட்டச் சமணக் குடும்பங்களின் வாசிப்பு மரபை ஒலிப்பதிவு செய்வதையும் தீர்மானங்களில் சேர்க்கலாம்.