போனது எத்தனை, வந்தது எத்தனை



எனக்கு மேடைப்பேச்சு வராது. ஹெலிகாப்டருக்குப் பக்கத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவனுக்குக் கத்தத்தான் வரும். இன்ஜின் ஓடும்போது அங்கே பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சாடைதான். கட்டை விரலைத் தூக்கினால் 'சரி, கிளம்பு'. அதற்கு மேல் பாஷை கிடையாது. அப்படிப்பட்ட ஆளைப் பிடித்து இரங்கல் உரை சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். தப்பு உங்களுடையது.

இன்றைக்கு டிசம்பர் 8. 2021-ஆம் வருஷம் இதே தேதியில் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து பகல் 11.48-க்கு ஒரு எம்ஐ-17 வி-5 ஹெலிகாப்டர் கிளம்பியது. 12.15-க்கு நீலகிரி வெலிங்டனில் இறங்க வேண்டும். 12.08-க்குச் சூலூர் கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பு அறுந்தது. இறங்க ஏழு நிமிஷம் பாக்கி. குன்னூருக்குப் பக்கத்தில், நஞ்சப்பசத்திரம் என்கிற சின்ன ஊரின் ஓரத்தில், மரங்களுக்கு நடுவே விழுந்து எரிந்தது. உள்ளே பதினான்கு பேர். பதின்மூன்று பேர் அன்றைக்கே போய்விட்டார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் மட்டும் ஒரு வாரம் தீக்காயத்தோடு போராடி, டிசம்பர் 15-ஆம் தேதி பெங்களூரில் கண்ணை மூடினார்.

முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் அதில் இருந்தார்கள். அதனால் நாடே அழுதது. அழ வேண்டியதுதான். ஆனால் அன்றைக்குச் செய்தித்தாளில் போட்ட தலைப்பை நினைத்துப் பாருங்கள். 'ராவத் சென்ற ஹெலிகாப்டர்'. சென்றவர் பெயர் தெரிகிறது, ஓட்டியவர் பெயர் தெரியாது. நம் ஊரில் பஸ் டிரைவர் பெயர் யாருக்குத் தெரியும்? பஸ் கவிழ்ந்தால்தான் தெரியும். அதே கதைதான்.

ஓட்டியவர் விங் கமாண்டர் பிரித்வி சிங் சௌஹான், ஆக்ராக்காரர். சூலூரிலுள்ள 109-ஆம் ஹெலிகாப்டர் பிரிவின் தளபதியே அவர்தான். பக்கத்து இருக்கையில் ராஜஸ்தான் ஜுன்ஜுனு மாவட்டத்து ஸ்குவாட்ரன் லீடர் குல்தீப் சிங். பின்னால் இரண்டு ஜூனியர் வாரண்ட் ஆபீசர்கள்: ஒடிசாவிலிருந்து ராணா பிரதாப் தாஸ், பக்கத்துக் கேரளத்துத் திருச்சூரிலிருந்து பிரதீப். 2018 கேரள வெள்ளத்தில் கூரை மேல் ஏறி நின்ற ஜனங்களை மீட்கப் போனவர் இந்தப் பிரதீப். இந்த இரண்டு பேரும் எங்கள் ஜாதி. ஜாதி என்று நான் சொல்வது வேறு, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கமிஷன் வாங்கி வந்த அதிகாரிகள் அல்ல, ஏர்மேனாகச் சேர்ந்து, கிரீஸ் கையோடு படிப்படியாக மேலே ஏறி வந்தவர்கள். பறக்கிறவர்கள் என்றால் பைலட் மட்டும் என்று நினைக்கக் கூடாது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுக்கிற பையனிலிருந்து வானிலை சொல்கிறவர் வரைக்கும் அது ஒரு பெரிய குடும்பம்.

அந்தக் குடும்பத்துக்குள் துக்கம் எப்படி வருகிறது என்பதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

எஃப்-700 என்று ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்று, விமானத்தின் ஜாதகம் மாதிரி. பறப்பதற்கு முன்னால் நாங்கள் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துவிட்டு அதில் கையெழுத்துப் போடுவோம். இன்ஜினுக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், ரேடியோவுக்கு ஒருவர். கடைசியில் பைலட் வருவார். சுற்றி வந்து பார்ப்பார், தடவிப் பார்ப்பார், எங்கள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போடுவார். அந்த நிமிஷத்திலிருந்து வண்டி அவருடையது.

ஒருநாள் வடகிழக்கில், ஒரு மலைப் பிரதேசத்துத் தளத்தில், ஒரு பைலட் அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைப் பதிவேட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டேன். ஒன்றரை மணி நேரத்தில் வர வேண்டிய வண்டி வரவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. மேகம் இறங்கிவிட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சமையற்கூடத்திலிருந்து டீ வந்தது, யாரும் தொடவில்லை. அத்தனை பேரும் காதைத்தான் தீட்டிக்கொண்டு நின்றோம். ஹெலிகாப்டர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும். என் நெஞ்சில் அந்தப் பேனா. அதை எடுத்து வெளியே வைக்கவும் பயம், பையிலேயே வைத்திருக்கவும் பயம். இருட்டிய பிறகு ரேடியோவில் தகவல் வந்தது. மேகத்தைப் பார்த்துவிட்டு வேறொரு தளத்தில் இறங்கிவிட்டாராம். மறுநாள் காலையில் வந்தார், இறங்கினார், தலைக்கவசத்தைக் கழற்றினார். முதல் வார்த்தை: "என் பேனா எங்கேப்பா?"

அவருக்குப் பேனா திரும்பக் கிடைத்தது. 2021 டிசம்பர் 8-ஆம் தேதி சூலூரில் அந்தப் பதிவேட்டை வாங்கி மூடி வைத்த பையன் யார் என்று எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி தூக்கம் வராமல் நான் நினைத்துக்கொண்டிருந்தது அவனைத்தான்.

ஏனென்றால் விபத்து நடந்ததும் முதலில் பூட்டி எடுத்து வைப்பது அந்தப் பதிவேட்டைத்தான். கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவனும், 'நான் அந்த நட்டை முறுக்கினேனா, அந்தப் பின்னைப் போட்டேனா' என்று தன்னைத்தானே குடைந்துகொண்டு கிடப்பான். ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில் முப்படை விசாரணை நடந்தது. 2022 ஜனவரியில் முதற்கட்ட முடிவைச் சொன்னார்கள்: இயந்திரக் கோளாறு இல்லை, நாச வேலை இல்லை, கவனக்குறைவும் இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்துவிட்டது. பைலட்டுக்குத் திசையுணர்வு தப்பி, ஓடிக்கொண்டிருந்த நல்ல வண்டியே மலையில் மோதிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், மேடையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 'இயந்திரக் கோளாறு இல்லை' என்று கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நம் ஆட்கள் தப்பித்தார்கள் என்று. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கே அப்படி. அடுத்த நொடியே அந்த நிம்மதி கசந்துவிட்டது. தொழில்நுட்பக்காரன் தப்பித்தால் மிச்சம் யார்? செத்துப்போன பைலட்தான். அவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா?

மேகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். கையை விரித்துக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றி நின்றால், நீங்கள் நின்றாலும் தெரு நிற்காது. தென்னை மரம் சாயும், திண்ணை ஓடும். காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, அவற்றில் திரவம் இருக்கிறது. அது அசைகிற அசைவை வைத்துத்தான் மூளை 'திரும்புகிறோம், நிற்கிறோம்' என்று கணக்குப் போடுகிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் திரவமும் கூடவே ஓட ஆரம்பித்துவிடும். அப்போது மூளை, 'நேராகத்தான் போகிறோம்' என்று சாதிக்கும். கண் தெளிவாக இருந்தால் இந்தப் பொய்யைக் கண் திருத்திவிடும், அடிவானம் தெரிகிறதே! சுற்றிலும் வெள்ளையாகிவிட்டால் கண்ணுக்கும் பிடி கிடையாது. நம் காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து கைலாயம் போனவர். மேல் எது, கீழ் எது என்ற கணக்கு அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மற்ற மனிதர்களுக்கு வேண்டும்.

அதற்காகத்தான் காக்பிட்டில் செயற்கைத் தொடுவானம் என்று ஒரு கருவி. உடம்பு முழுக்க 'இடது பக்கம் சாய்கிறாய்' என்று கூச்சல் போடும்போது, அதை ஒதுக்கிவிட்டு அந்தக் கருவியை நம்ப வேண்டும். சொந்த உடம்பை நம்பாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! உயரத்தில் பறந்தால் தெளிந்துகொள்ள அவகாசம் உண்டு. மலைச் சரிவை ஒட்டிப் பறக்கும்போது அந்த அவகாசத்தை மலை கொடுப்பதில்லை.

அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டி ரயில் பாதையில் நடந்துபோன சுற்றுலாக்காரர்கள் எடுத்தது. நான் அதைப் பார்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ரோட்டார் சத்தம் பனிக்குள் போகிறது. பிறகு இல்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம். புயல் வந்தால் தொலைக்காட்சியில் 'காரைக்கால் ரேடார்' என்று நம் ஊர்ப் பெயரைத்தானே சொல்கிறார்கள், அந்த மாதிரி ஒன்று இருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்காதா என்று. அந்த ரேடாருக்குத் தெரிவது மழை. ஒரு பள்ளத்தாக்கில் பத்து நிமிஷத்தில் எழும்புகிற பனி அதற்குப் பிடிபடாது. மார்கழிக் காலையில் மோட்டார் சைக்கிளில் திருமலைராயன்பட்டினம் போகிறவர்களுக்கு இது விளங்கும். புறப்படும்போது வெயில் அடிக்கும், வாய்க்கால் பாலம் தாண்டினால் முன்சக்கரம் தெரியாது.

மூன்று வருஷம் கழிந்தது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு ஓர் அறிக்கை வைத்தது. 2017-லிருந்து 2022 வரை விமானப்படையில் நடந்த 34 விபத்துகளின் பட்டியல் அதில் இருந்தது. குன்னூர் விபத்துக்கு நேரே காரணம் என்கிற கட்டத்தில் எழுதியிருந்தது: மனிதப் பிழை, விமானக் குழுவினர். அவ்வளவுதான். அதுவே செய்தித் தலைப்பாகிவிட்டது. ஓட்டியவரைப் பற்றிக் கடைசியாக ஒரு தலைப்பு வந்தது, அது இப்படி வந்தது.

அறிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. அது அடுத்த பைலட்டுக்காக எழுதுவது. எது தவறியது என்று கறாராக எழுதினால்தான் அடுத்த வண்டி ஒழுங்காக வீடு திரும்பும். கடற்கரைக் கிராமங்களில் ஒரு படகு வராவிட்டால் 'கடல் எடுத்துக்கொண்டது' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதில் இரக்கம் இருக்கிறது. ஆனால் ஓட்டைப் படகையும், உயிர்காப்புச் சட்டை இல்லாமல் போனதையும் அந்த ஒரு வார்த்தைக்குள் மூடிவிடுகிறோம். அதனால் கோப்பு அதன் பாஷையில் பேசட்டும். என் சண்டை கோப்போடு இல்லை. கோப்பின் பாஷையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து துக்க வீட்டில் பேசுகிறோமே, அதோடுதான். 'கவனக்குறைவு இல்லை' என்று விசாரணை சொன்னதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறோம்? கவனமாக இருந்த மனிதன், தன் காதே தன்னை ஏமாற்றியதால் செத்தான். அதற்கும் 'பிழை' என்றுதான் பெயர். தமிழில் வேறு வார்த்தை இருந்தால் புலவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

எங்கோ நீலகிரியில் நடந்ததற்கு நெரவியில் ஏன் கூட்டம் என்று ஒரு தம்பி கேட்டான். நம் ஊரில் ஓஎன்ஜிசி அலுவலகம் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர் மும்பை ஹை கடல் எண்ணெய் வயலுக்கு மாற்றலானால் பதினான்கு நாள் கடல் மேடையில், பதினான்கு நாள் வீட்டில். போக வர ஹெலிகாப்டர். அதில் ஏறுவதற்கு முன்னால் ஒரு பயிற்சி உண்டு. கூண்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, தண்ணீருக்குள் முக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். மூச்சை அடக்கி, ஜன்னலைத் தள்ளி வெளியே வர வேண்டும். 2018 ஜனவரி 13-ஆம் தேதி மும்பைக் கடலில் ஒரு பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டர் விழுந்து ஐந்து ஓஎன்ஜிசி அதிகாரிகளும் இரண்டு பைலட்டுகளும் இறந்தார்கள். அன்றைக்கு எத்தனை வீடுகளில் போன் அடித்திருக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2024 செப்டம்பர் 2-ஆம் தேதி ராத்திரி, போர்பந்தருக்கு அப்பால் ஒரு டேங்கர் கப்பலில் அடிபட்டுக் கிடந்த மாலுமியைத் தூக்கிவரக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் ஒன்று போனது. கடலில் விழுந்துவிட்டது. கமாண்டன்ட் விபின் பாபு உள்பட மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் பைலட் ராகேஷ் குமார் ராணாவின் உடல் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை தேடுவதை விடவில்லை. உடல் கிடைக்காத வீட்டில் பதினாறாம் நாள் காரியத்தை எப்போது செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதைப் பற்றிக் கடலோரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நஞ்சப்பசத்திரத்துக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. தீயைக் கண்டதும் குடத்தில் தண்ணீரோடு ஓடினார்கள். உடம்புகளைத் தூக்கிவர வீட்டுப் போர்வையைக் கொடுத்தார்கள். டிசம்பர் மாதத்து நீலகிரியில் போர்வையைக் கொடுப்பது என்றால் என்ன என்று அந்தக் குளிரில் ஒரு ராத்திரி இருந்தவர்களுக்குத் தெரியும். யார் தளபதி, யார் சிப்பாய், யார் ஓட்டியவர் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டாலும் அப்போது யாருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. பிறகு ராணுவம் அந்த ஊருக்குப் போய் நன்றி சொல்லி, மாதந்தோறும் மருத்துவர் வருவார் என்று ஏற்பாடு செய்தது. விபத்துக்கு மறுநாள் வெலிங்டனிலிருந்து சூலூருக்கு அந்த உடல்களை எடுத்துப் போனபோது வழியெல்லாம் ஜனங்கள் நின்று வண்டிகள் மேல் பூத் தூவினார்கள். எந்த வண்டியில் யார் என்று பார்த்துத் தூவவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு கணக்குத்தான். காலையில் போனது எத்தனை, சாயங்காலம் வந்தது எத்தனை. பட்டினச்சேரிக் கரையில் படகுக்காக நிற்கிற பெண்கள் போடுகிற கணக்கும் அதுவே. நான் வேலையை விட்டுப் பல வருஷமாகிறது, அந்தக் கணக்கு மட்டும் விட மாட்டேன் என்கிறது. போன வாரம் ஒரு ஹெலிகாப்டர் கரையை ஒட்டித் தெற்கே போனது. வேதாரண்யம் பக்கமாக இருக்கும். நான் சாப்பாட்டிலிருந்து எழுந்து எச்சில் கையோடு வாசலுக்கு வந்துவிட்டேன். சத்தம் தேய்ந்து போயிற்று. திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கை காய்ந்துவிட்டது. முக்கால் மணி நேரம் இருக்கும், வடக்கே திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

உள்ளேயிருந்து வீட்டுக்காரி கேட்டாள்: "வந்துடுச்சா?"

"வந்துடுச்சு" என்றேன்.

"அப்ப வந்து சாப்பிடுங்க" என்றாள்.